பதினொரு வண்டிக் கீற்றும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

செங்கல்பட்டு ரயிலடியில் இறங்குகிற தோழர்களே, சந்தைக்கு வந்த தாய்மார்களே, ஐந்து நிமிடம் ஒதுக்கி என்னோடு வாருங்கள். கடைத்தெருக் கோடியில், ஜில்லா பரோபகார சபை என்று பொன்னெழுத்தில் பொறித்த கட்டடம் நிற்கிறதே, அதன் கொல்லைப்புறம் வாருங்கள். அங்கே ஒரு கொட்டகை. கொட்டகைக்குக் கதவு. கதவுக்குப் பூட்டு. பூட்டின்மேல் அரக்கு முத்திரை. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பாருங்கள். பதினொரு வண்டியாக வந்த தென்னங்கீற்று, ஒன்று போகப் பத்து வண்டி, அடுக்கிக் கிடப்பது தெரிகிறதா?

பார்த்த கண்ணைக் கிழக்கே திருப்புங்கள். பதினெட்டு மைலுக்கு அப்பால், மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி முப்பத்திரண்டு குடிசைகள். ஐப்பசிப் புயல் அத்தனை கூரைகளையும் பிய்த்துக் கடலில் போட்டது. மிச்சம் இருப்பவை மண்சுவர்கள். இன்னும் ஒரு பெருமழை வந்தால் அவையும் சேறு.

அங்கே கூரை இல்லை. இங்கே கீற்று இருக்கிறது. இடையில் நிற்பது என்ன? ஆறா, மலையா, அந்நியப் படையா? ஒரு சொல், தோழர்களே. ஒரே ஓர் ஆங்கிலச் சொல்!

அந்தக் கீற்று சபையார் வீட்டுத் தோப்பில் விளைந்ததென்று எண்ணிவிடாதீர்கள். கருங்குழியைச் சுற்றியுள்ள உழைப்பாளிகள், புயல் செய்தி கேட்டதும், பெண்களும் ஆண்களுமாக உட்கார்ந்து முடைந்த கீற்று அது. எந்தக் கட்டிலும் எவர் பெயரும் கிடையாது. திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால் சாலை அறுந்து கிடந்ததால், வண்டிக்காரர்கள் "ரெண்டு நாள் வச்சிருங்க சாமி" என்று சொல்லிச் சபைக் கொட்டகையில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

அந்த இரண்டு நாள் இன்றோடு முப்பத்தொன்பது நாள். எப்படி ஆயிற்று என்று கேளுங்கள்.

வெள்ளையன் ஆண்ட காலத்தில் இந்தச் சபைக்கு வேலை எளிது. கலெக்டர் துரைக்கு மாலை போட்டால் ராவ்சாகிப் பட்டம். துரைசானிக்கும் சேர்த்துப் போட்டால் ராவ்பகதூர். துரை கப்பலேறினார். பட்டம் கொடுத்த கை போய்விட்டது; பட்டத்துக்கு நீட்டிய கழுத்து மட்டும் செங்கல்பட்டிலேயே தங்கிவிட்டது. புதிய அரசியல் சட்டம் வந்து, பட்டமென்பதே இனி இல்லை என்றது. சபையின் தலைவர் மாஜி ராவ்பகதூர் மூன்று நாள் மோர் மட்டும் குடித்தார். உபதலைவர் மாஜி ராவ்சாகிப் ஒருவேளை கூடுதலாகப் பட்டினி கிடந்தார், தலைவரைவிடத் தமக்கே துக்கம் அதிகம் என்று ஊர் அறிய வேண்டுமே!

அந்த வெறுமையில்தான் சபை ஒரு சொல்லைக் கண்டெடுத்தது. மேக்னானிமஸ்.

தனக்குத் தீங்கிழைத்தவனுக்கும், தன்னோடு போட்டியிட்டவனுக்கும், பழி மறந்து, பலன் கருதாமல் நன்மை செய்கிற உயர்ந்த உள்ளம் உடையவர் என்பது அதன் பொருள். பெருந்தன்மை என்ற அழகான தமிழ்ச்சொல் இருக்க அது எதற்கு என்கிறீர்களா? நியாயமான கேள்வி. தமிழில் சொன்னால் கேட்பவனுக்குப் புரிந்துவிடும். புரிந்தால் ஆளையும் சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பொருத்தம் பார்ப்பான். அந்த ஆபத்துக்குச் சபை இடம் கொடுக்கவில்லை.

ஆண்டுதோறும் விழாவில் உபசாரப் பத்திரம் வாசிப்பார்கள். ஆங்கிலத்தில் அச்சிட்டு, ஜரிகை ஓரம் ஒட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். அதில் சொற்களுக்கு வரிசை உண்டு. முதல் தரம் மேக்னானிமஸ். இரண்டாம் தரம் பெனவலண்ட். மூன்றாம் தரம் சாரிட்டபிள். நாற்காலி இரவல் தந்தவருக்குக் கைண்ட். ஓர் ஆண்டு விழாவில் ஒரே ஒரு மேக்னானிமஸ்தான் வரலாம் என்பது சபையின் ஐந்தாம் விதி. பத்திரம் வாசித்து முடியுமுன் எந்தத் தர்மமும் கைமாறக் கூடாது என்பது ஆறாம் விதி.

ராவ்பகதூர் வீட்டுக் கூடத்தில் ஆறு சட்டங்கள் தொங்குகின்றன, ஆறிலும் மேக்னானிமஸ். ராவ்சாகிப் வீட்டிலும் ஆறு, ஆறிலும் பெனவலண்ட். ராவ்சாகிப் காப்பி குடிக்கும்போது அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியே உட்காருவார். எதிர்வீட்டுக் குழந்தை "மே" என்று ஆட்டைக் கூப்பிட்டால்கூட அவருக்கு நெஞ்சில் குத்தும். அப்படியானால் ராவ்பகதூராவது நிம்மதியாக இருந்தாரா? ராவ்சாகிப் வீட்டுச் சட்டங்கள் பர்மாத் தேக்கு; தம் வீட்டுச் சட்டங்கள் மாம்பலகை. அதை நினைத்து அவர் உடம்பு இளைத்தது. சொல்லுக்கு ஒருவர் வெந்தார். மரத்துக்கு மற்றவர் வெந்தார். இந்த இரு கொள்ளிக்கட்டைகளுக்கு நடுவில்தான் கருங்குழிக் கீற்று வந்து இறங்கியது.

புயலடித்த ஒன்பதாம் நாள், கடற்கரைக் குடிசைகளிலிருந்து பொன்னி என்பவள் புறப்பட்டு வந்தாள். வயது முப்பத்தைந்து. சவுக்கு வெட்டும் கூலி. கணவன் வரதன் கேளம்பாக்கத்து உப்பளத்தில் வேலைக்குப் போயிருந்தான். அறுந்த சாலையை நீந்தியும் நடந்தும் கடந்து, சபைக் காரியதரிசியின் மேசைமுன் நின்றாள்.

"சாமி, எங்களுக்குக் கீத்து வந்து கீதுன்னு சொன்னாங்க. சுத்துவழியாப் போக வண்டிக்கு ஏற்பாடு பண்ணிக்கினேன். எட்த்துகினு போலாமா?"

காரியதரிசி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, உனக்குக் கீற்றுத் தேவை என்பதில் சபைக்கு யாதொரு சந்தேகமும் இல்லை. அதை யாரைப் புகழ்ந்து கொடுப்பது என்பதுதான் இன்னும் நிர்ணயமாகவில்லை."

"யாரை வேணும்னாலும் புகழ்ந்துக்கோங்க சாமி. நான் வெளியே நிக்கறேன்."

"நீயில்லாமல் எப்படி? பெற்றுக்கொள்பவர் சார்பில் நன்றியுரை சொல்ல வேண்டும். ஐந்து வரி. மூன்றாம் வரியில் மேக்னானிமஸ் வரும். அப்போது நீ கண்ணீர் விட வேண்டும். எங்கே, சொல் பார்க்கலாம்."

பொன்னி சொல்லிப் பார்த்தாள். நாலு தரம் இடறினாலும் ஐந்தாம் தரம் சரியாகவே சொல்லிவிட்டாள். காரியதரிசி திருப்தியடையவில்லை.

"கண்ணீர் முதல் வரியிலேயே வந்துவிட்டதே."

"ஒம்பது நாளா அழுதுகினுதான் கீறேன். அத்த நிறுத்தி மூணாவது வரிக்குன்னு எப்படி சாமி வைக்கறது?"

"பயிற்சி வேண்டும். புதன்கிழமை வா."

சபைக்கு எதிரே முனீர் என்பவரின் தேநீர்க்கடை. பொன்னி வாசலில் இறங்கி நின்றதைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

"இன்னா தங்கச்சி, அந்தக் கண்ணாடி இன்னா சொல்லுச்சு?"

"புதன்கெழமை வந்து அழச் சொன்னாரு பாய்."

"பேஜாரு! உக்காரு, நாஸ்தா துன்னுட்டு அழு. இந்த வூட்டுல அழுவறதுக்கே முறை வச்சிகிறானுங்க."

"கொட்டாயில எட்டிப் பாத்தேன் பாய். கீத்துக்கு மேல தார்ப்பாய் போட்டு மூடிகிறாங்க. கீத்துக்குக் கூரை கீது, எங்களுக்கு இல்ல. பொறாமையாக் கீது."

செங்கல்பட்டில் அன்று பொறாமைப்பட்டவர்களுள் நியாயமாகப் பொறாமைப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

புதன்கிழமை சபை கூடியது. கேள்வி ஒன்றே: இந்தக் கீற்றுக்கு மேக்னானிமஸ் யார்? ராவ்பகதூர் எழுந்தார். அவருடைய சொற்பொழிவை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து அப்படியே தருகிறேன். என் பங்குக்கு ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை.

"கனவான்களே! கீற்று எவனுடையதோ, நானறியேன். கொட்டகை நான் சபைக்குக் கட்டித் தந்தது, ஆகவே என்னுடையது. என் கொட்டகை இல்லாவிட்டால் இந்தக் கீற்று இன்று இங்கே இருந்திருக்குமா? நேரே ஏழைகளிடம் அல்லவா போய்ச் சேர்ந்திருக்கும்! போகவிடாமல் காத்தவன் எவனோ அவனே மேக்னானிமஸ்."

கரகோஷம். ராவ்சாகிப் எழுந்தார்.

"கொட்டகை தலைவருடையது, ஒப்புக்கொள்கிறேன். ஒழுகுகிற கொட்டகை என்பதையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே விரித்த தார்ப்பாய் என்னுடையது. நான் விளம்பரத்தை வெறுப்பவன். அதைத் தெரிவித்து முந்நூறு நோட்டீஸ் அச்சிட்டு ஊரெங்கும் ஒட்டியிருக்கிறேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள்."

கரகோஷம், முந்தியதைவிட இரண்டு கை குறைவு. ராவ்சாகிப் அதை எண்ணினார். எண்ணியதை ராவ்பகதூர் கவனித்தார். மறுநாளே கொட்டகையிலிருந்து தார்ப்பாய் காணாமற்போயிற்று. அதற்கடுத்த நாள் கொட்டகைக்குப் பூட்டு வந்தது.

தகராறு தீர, அர்த்த நிர்ணய உபகமிட்டி என்று ஒன்றை நியமித்தார்கள். அது எட்டு அமர்வு கூடி, அகராதியைப் புரட்டி, சொல்லின் உண்மைப் பொருளை அறிக்கையாகவே எழுதிவிட்டது. உபகமிட்டி செய்த மாபெரும் பிழை அது. அறிக்கையின் மூன்றாம் பாரா சொன்னது: "எதிராளி செய்த தீங்கை மனத்தில் வையாது மறந்து, தனக்குரியதையும் அவருக்கு விட்டுக்கொடுப்பவரே மேக்னானிமஸ்."

வேறெந்தச் சபையாக இருந்தாலும் இதைக் கேட்டு வெட்கியிருக்கும். இந்தச் சபை வேலையில் இறங்கியது. ராவ்சாகிப் தமக்குச் செய்த தீங்குகளில் தாம் முற்றிலும் மறந்துவிட்டவை இருபத்தேழு என்று கூறி, ராவ்பகதூர் அவற்றைத் தேதிவாரியாக வாசித்தார். தேர்த்திருவிழாவில் முதல் தேங்காய் மூடியை ராவ்சாகிப் தட்டிப் பறித்த நேரம்கூடக் குறிப்பில் இருந்தது. ராவ்சாகிப் சளைக்கவில்லை. தாம் மறந்தவை முப்பத்தொன்று என்றார். "பதினாலாவதை நான் எவ்வளவு ஆழமாக மறந்திருக்கிறேன் என்றால், அதை நினைக்காத நாளே கிடையாது!" என்று மேசையைக் குத்தினார்.

பொன்னி ஒவ்வொரு புதனும் வந்து வாசற்படியோரம் நின்றாள். நாலு புதன் ஆயிற்று. அறிக்கை வாசித்த புதனன்று அவள் முனீரிடம் கேட்டாள்:

"பாய், ரெண்டு பேரும் மன்னிச்சிட்டோம், மன்னிச்சிட்டோம்ன்றாங்களே, அப்புறம் இன்னாத்துக்குச் சட்டையைப் புட்ச்சிகினு நிக்கறாங்க?"

"மன்னிக்கறதுல யாரு முந்தினதுன்னு சண்டை தங்கச்சி. டீ ஆறுது, குடி."

முடிவு எட்டாததால் சபை ஒரு சமரசத்துக்கு வந்தது. கீற்றைக் கொடுக்க வேண்டாம். கொடுப்பதுபோல் போட்டோ பிடிக்கலாம். பட்டணத்துப் பத்திரிகைக்குப் படம் போய்ச் சேர்ந்தால், ஜனங்களே பார்த்து யார் மேக்னானிமஸ் என்று தீர்மானித்துக்கொள்வார்கள். கொஞ்சம் கீற்றை வெளியே எடுத்து, ஒரு வண்டியில் ஏற்றி வாசலில் நிறுத்தினார்கள். முன்னால் பொன்னி கைநீட்டி நிற்க வேண்டும். தலைவர் ஒரு கீற்றுக் கட்டை எடுத்து அவள் கையில் வைப்பதுபோல் பிடிக்க வேண்டும்.

தலைவர் கட்டின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனை ராவ்சாகிப் கையில் இருந்தது. "விடும்," என்றார் தலைவர், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி. "நீர் விடும்," என்றார் உபதலைவர், இன்னும் அகலமாகச் சிரித்தபடி. இழுத்த இழுப்பில் கட்டு அறுந்து, இரண்டு கனவான்களும் இருபுறமும் மல்லாந்தார்கள். காரியதரிசி எவரை முதலில் தூக்குவது என்ற விதியைத் தேடி உள்ளே ஓடினார்.

வண்டியோட்டி முனீரின் மச்சான். முனீர் கடையிலிருந்தே குரல் கொடுத்தார்: "மச்சான்! இன்னாடா பாத்துகினு கீறே? மாட்டைத் தட்டு!"

மாடு நடந்தது. வண்டி போயிற்று. பின்னாலேயே பொன்னியும் போனாள். முப்பத்தொன்பது நாளில் அந்தக் கொட்டகையிலிருந்து நகர்ந்தது அந்த ஒரு வண்டி. முழு வண்டி மூன்று கூரைக்கு வரும்; படத்துக்கென்று அரைகுறையாக ஏற்றிய இது ஒரு குடிசைக்கு மட்டும் போதும்.

எந்தக் குடிசைக்கு? நன்றாகக் கேளுங்கள்.

பொன்னியின் சுவருக்கு அடுத்த சுவர் சாராளுடையது. இரண்டாண்டுக்கு முன் வரதன் சவுக்கு மிளாறு பொறுக்கினான் என்று தோப்பு ஏஜெண்டிடம் காட்டிக்கொடுத்தவள் சாராள். வரதன் மூன்று மாதம் சிறையில் கிடந்தான். அன்று முதல் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. பொன்னி தன் வாசலைக்கூட மறுபக்கம் மாற்றி வைத்தாள். இப்போது சாராளுக்குக் குழந்தை பிறந்து ஐந்து நாள். கிழிந்த பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மார்பில் குழந்தையோடு, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

பொன்னி வண்டியைத் தன் வாசலில் நிறுத்தினாள். இறங்கினாள். அந்தப் பாயைப் பார்த்தாள். வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே வண்டியை நாலு முழம் முன்னால் தள்ளச் சொன்னாள்.

"இங்கே இன்னாத்துக்குடி எறக்கறே?" என்றாள் சாராள்.

"உன் மூஞ்சிக்கு இல்ல. அந்தப் புள்ளைக்கு."

"உன் கீத்து எனக்கு வேணாம். எட்த்துகினு போ."

"வேணாம்னா நீயே ஏறிப் பிரிச்சிப் போட்டுக்கோ. இப்ப அந்தக் கயித்தைப் புடி."

சாராள் கயிற்றைப் பிடித்தாள். சாயங்காலத்துக்குள் கூரை ஏறிவிட்டது. மற்ற முப்பது வீட்டாரும் நின்று பார்த்தார்கள். அவர்கள் கண்ணிலும் நெருப்பு இருந்தது, பொய் சொல்வானேன். உப்பளத்திலிருந்து திரும்பிய வரதன் தன் தலைமேல் வானத்தையும் பக்கத்தில் புதுக்கூரையையும் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"அவ வூட்டுக்கா போட்டே? என்னை உள்ளே தள்ளினவ வூட்டுக்கா?"

"ஆமா."

"எனக்கு வயிறு எரியுது."

"எரியட்டும். குளிருக்கு நல்லது. போய்க் கயிறு திரி, மிச்ச வண்டி வந்தா வேணும்."

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் மார்கரெட் டீச்சர். செங்கல்பட்டில் பள்ளி ஆசிரியை. குழந்தைகளுக்குப் பால்பவுடர் கொண்டுவந்திருந்தார். அவர் தந்தையும் தாயும் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். அவர் ஆங்கிலம் படித்தது இந்த மாதிரி ஒரு நாளுக்காகத்தான் போலும். சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு ஐந்து வரிக் கடிதம் எழுதினார். தனக்கும் கூரையில்லாத நிலையில் தன் பகைவரின் குழந்தைக்குக் கூரை போட்ட பொன்னி என்னும் தொழிலாளியைப் பற்றி எழுதி, கடைசி வரியில் ஒரே ஒரு பெயரடை வைத்தார். எது என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

அச்சிலும் வந்துவிட்டது. பட்டணத்தில், இலவசமாக, போட்டோ இல்லாமல்!

அன்று காலை ராவ்பகதூர் பத்திரிகையை விரித்தபடி தெருவில் ஓடினார். எதிர்த்திசையிலிருந்து ராவ்சாகிப் அதே பத்திரிகையோடு ஓடிவந்தார். கடைத்தெரு நடுவில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். ஆறாண்டாக ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்காதவர்கள், கட்டித் தழுவிக்கொண்டார்கள். "நம் சொல்!" என்றார் ஒருவர். "நம்முடைய சொல்!" என்றார் மற்றவர். நட்பால் ஒன்றுசேர முடியாதவர்களைப் பொறாமை சேர்த்துவைத்தது. அந்த ஆறாண்டில் எனக்கு ஒரு மேக்னானிமஸ், உமக்கு ஒரு மேக்னானிமஸ் என்று பங்கிட்டிருந்தால் இருவருக்கும் மூன்று மூன்று கிடைத்திருக்கும் என்பது அந்தத் தழுவலில்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

பொன்னிக்கு ஆள் போயிற்று: விசாரணைக்கு வா. கீற்றுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கயிற்றோடு வந்தாள். உயர்ந்த மேடையில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே முனீர், கையில் டம்ளரோடு.

"உனக்கு நிலம் எத்தனை ஏக்கர்?" என்றார் ராவ்பகதூர்.

"இல்ல சாமி."

"வண்டி, மாடு?"

"கோழி ஒண்ணு இருந்தது. புயல்ல போச்சு."

"ஒன்றுமில்லாதவள் எதை வைத்துப் பெருந்தன்மை காட்டினாய்?" என்றார் ராவ்சாகிப். "நாங்கள் கொடுக்கும் ஸ்திதியில் இருப்பவர்கள். ஆகவே நாங்கள் கொடுக்காமல் இருந்தாலும் பெருந்தன்மை எங்களிடம் இருப்பில் இருக்கிறது. நீ கொடுத்துவிட்டாய், ஆகவே உன்னிடம் இப்போது இல்லை. தர்க்கம் புரிகிறதா?"

"புரியல சாமி. கீத்து இன்னிக்குக் குடுப்பீங்களா?"

"அந்தச் சொல் சபைக்குச் சொந்தம். திருப்பி ஒப்படைத்துக் கைநாட்டு வை."

பொன்னிக்கு முகம் மலர்ந்தது. இவ்வளவுதானா என்று பெருமூச்சு விட்டாள்.

"அய்ய, அந்த வார்த்தைதான் வேணுமா? அத்த வச்சி நான் கூரையா போடப்போறேன்! நீங்களே வச்சிக்கோங்க சாமி. ரெண்டு பேரும் சரிபாதியா எட்த்துக்கோங்க. இத்தினி நாள் என்னை அலையவுட்டதுகூட நான் மனசுல வச்சிக்கல. முப்பத்தொரு வூட்டுக்குக் கீத்து மட்டும் குடுங்க, போயிடறேன்."

காரியதரிசியின் கையிலிருந்து பேனா விழுந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அக்கிராசனர் அவர்களே! ஆட்சேபணை! இவள் மறுபடியும் செய்கிறாள்!"

"என்ன செய்கிறாள்?"

"தீங்கு செய்தவரை மன்னிக்கிறாள். தனக்குரியதை எதிராளிக்கே விட்டுக்கொடுக்கிறாள். உபகமிட்டி அறிக்கை, மூன்றாம் பாரா! இதைக் குறிப்பில் ஏற்றினால் இரண்டாம் தடவை ஆகிறது. நாம் இதை வாங்கிக்கொண்டால், வாங்கிய கணமே அது அவளிடம் போய்ச் சேர்ந்துவிடும்!"

ராவ்பகதூர் மேசைமேல் ஏறி நின்றுவிட்டார். "நிறுத்து! மன்னிக்காதே! மன்னித்ததை வாபஸ் வாங்கு!"

"எங்களைத் திட்டு!" என்று அலறினார் ராவ்சாகிப். "ஏதாவது திட்டு. அற்பத்தனமாகத் திட்டு. அப்போதுதான் அந்தச் சொல்லுக்கு நீ தகுதியற்றவள் என்று தீர்மானம் போடலாம்."

பொன்னி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"பெரியவங்க, வயசானவங்க. ஒடம்பு வேற சரியில்லாத மாதிரிகீது. உங்களைப் போய் எதுக்குத் திட்டணும்?"

"மூன்றாம் தடவை!" என்று காரியதரிசி தலையில் அடித்துக்கொண்டார்.

ஜன்னலிலிருந்து முனீர் எட்டிப் பார்த்தார். "சாமி, தங்கச்சிக்குப் பழக்கமில்ல. நான் திட்டட்டுமா? ரொம்ப நாளா சேத்து வச்சிகிறேன்."

"வெளியார் திட்டு செல்லாது," என்றார் காரியதரிசி. மூவரும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தீர்மானத்தோடு வந்தார்கள். ஒன்று: பொன்னி என்பவள் சபை எல்லைக்குள் எவரையும் மன்னிக்கக் கூடாது. இரண்டு: பட்டணத்து ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் அபிப்பிராயம் பொங்கலுக்குப் பிறகு பெறப்படும். மூன்று: அதுவரை மேற்படி பத்து வண்டிக் கீற்றும் வழக்கின் சாட்சிப்பொருளாதலால், பூட்டின்மேல் அரக்கு வைக்கப்படும்.

பொன்னி அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். அன்றுதான், தோழர்களே, அவள் அழவில்லை. "பொங்கல் வரைக்கும் சொவரு நிக்காது பாய்," என்று மட்டும் சொன்னாள்.

நிற்கவில்லை. நேற்றுப் பிற்பகல் பெய்த மழையில் ஒன்பது வீட்டுச் சுவர்கள் கரைந்து உட்கார்ந்தன. பொன்னி வீட்டு வடசுவர் அவற்றில் ஒன்று. சட்டி, முறம், துணிமூட்டை அத்தனையும் சேற்றுக்கடியில். சாராள் குடிசையில் இன்று பத்தொன்பது பேர் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே இடமில்லையென்று வரதன் தலையை மட்டும் கூரைக்குள் வைத்திருக்கிறான். குழந்தை இருமுகிறது. வடகிழக்கே கடலுக்கு மேல் இன்னொரு மேகம் திரண்டிருக்கிறது. மீனவர் நேற்றே வலையை மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள்.

நாம் பொங்கல் வரை பேராசிரியருக்குக் காத்திருப்போமா? சொல்லின் பொருள் நமக்குத் தெரிந்துவிட்டது. அதைச் செய்துகாட்டியவள் சேற்றில் இருக்கிறாள். அதைச் சட்டத்தில் மாட்டியவர்கள் மாடியில் இருக்கிறார்கள். கீற்று எவருடையது? கருங்குழியில் முடைந்த கைகளுடையது. அந்தக் கைகள் இந்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சபை வாசலுக்கு வருகின்றன, தங்கள் பொருளைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்ள. முனீர் இரண்டு வண்டிக்குச் சொல்லியிருக்கிறார். பத்து வேண்டும். வண்டியுள்ளவர் வண்டியோடு வாருங்கள். இல்லாதவர் தலையோடு வாருங்கள், ஆளுக்கொரு கட்டு. தாய்மார்களே, அரிவாள்மணையை வீட்டில் வைத்துவிட்டுக் கயிறு மட்டும் கொண்டு வாருங்கள். கை ஓங்க வேண்டாம். முழக்கம் வேண்டாம். பத்திரம் எதுவும் வாசிக்க வேண்டாம். அரக்கு வெறும் மெழுகு. ஆயிரம் பேர் அருகில் வந்து நின்றாலே இளகும்.

ராவ்பகதூர் வழியில் நின்றால் அவர் தலையிலும் ஒரு கட்டு ஏற்றுங்கள். ராவ்சாகிப் வந்தால் அதே எடையில் இன்னொன்று. ஒரு கீற்றுகூடக் கூடவோ குறையவோ வேண்டாம். இல்லாவிட்டால் பதினெட்டு மைலும் யார் கட்டு பெரிது என்றே சொல்லிக்கொண்டு வருவார்கள். பிறகு எல்லோரும் கிழக்கே நடங்கள். வேகமாக நடங்கள். மழை முந்திக்கொள்ளப் பார்க்கிறது.